பனி புகாத வீடு

அழகுபாண்டிக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அப்புறம் அவனைப் பிடித்து நிறுத்த எழுமலையில் ஆள் கிடையாது. வந்த யோசனை நல்லதா கெட்டதா என்பதெல்லாம் வேறு பேச்சு. செய்து முடிக்கிற வரைக்கும் அவனுக்குச் சோறு இறங்காது, பக்கத்தில் இருக்கிறவனையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டான். அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டதும் அவனுக்கு வந்த யோசனை, வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் நிற்கிற மல்லிகைச் செடிகளுக்கு ஒரு வீடு கட்டுவது.

செடிக்கு வீடா என்று கேட்கத் தோன்றும். அவன் கூட்டாளி மொக்கைச்சாமியும் அதைத்தான் கேட்டான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, யோசனையில் நியாயம் இருந்தது. மல்லிகை வெயிலுக்குப் பூக்கிற செடி. சித்திரை வைகாசியில் பறித்து மாளாது. மார்கழி பிறந்து, மேற்கே மலையிலிருந்து பனி இறங்கியதும் செடி அப்படியே உறங்கிப்போகும். அதற்கு அடுத்த மாசம்தான் ஊரில் இருக்கிற கல்யாணமெல்லாம். தை முகூர்த்தத்துக்கு மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு அடிதடியே நடக்கும். விலை சொன்னதுதான் விலை, கொண்டுபோகத்தான் பூ இருக்காது.

அப்படி இருக்கையில்தான் அவன் போனில் அந்த வீடியோ வந்தது. பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசம். ஒரு தாடிக்காரன் தன் வீட்டுக் கொல்லையில், பழைய ஜன்னல் கதவுகளையும் பிளாஸ்டிக் தாளையும் வைத்துத் தானே ஒரு குடில் கட்டியிருக்கிறான். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கிறது. உள்ளே அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தக்காளி பறிக்கிறான்.

"பாத்தியா மாப்ள?" என்று போனை மொக்கைச்சாமியின் மூக்குக்கு நேராக நீட்டினான் அழகுபாண்டி. "அம்புட்டுப் பனியிலயே தக்காளி காய்க்குதுடா. நம்ம ஊருப் பனி எம்மாத்தரம்? மல்லி பூக்காதாங்கிறேன்?"

"பூக்கும் பூக்கும். உனக்கு வேற வேல இல்ல" என்றான் மொக்கைச்சாமி. சொன்னானே தவிர, மறுநாளே பழைய இரும்புக் கடையிலிருந்து கம்பிகளைத் தன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றவனும் அவன்தான்.

கம்பிகளை ஊன்றி, பி.வி.சி. குழாயை வளைத்துச் செருகி, மேலே தடித்த பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினார்கள். வடக்குப் பக்கத்துக்குத் தாள் பற்றவில்லை. அதற்கு மொக்கைச்சாமி ஒரு கட்டு பழைய பிளெக்ஸ் பேனர்களைக் கொண்டுவந்து போட்டான். நம்ம பக்கம் எந்த விசேஷத்துக்குத்தான் பேனர் வைக்காமல் இருக்கிறோம்? விசேஷம் முடிந்த பேனர் மாட்டுக் கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் ஆகும். வாசலுக்குத் தொங்கவிட்டது ஒரு காதணி விழா பேனர். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை அதில் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

அழகுபாண்டியின் பெண்டாட்டி முனீஸ்வரி அந்தப் பேனரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிவிட்டது. மூன்றாம் வருஷம் ஒரு தடவை உண்டானது. அழகுபாண்டியின் அம்மா மலையம்மாள் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் தெருவுக்கே மிட்டாய் கொடுத்துவிட்டாள். இரண்டாம் மாசமே கலைந்துபோனது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. முனீஸ்வரி அதைப் பற்றி வாய் திறந்து பேசுவதில்லை, ஆனால் காதணி விழா, பெயர் வைப்பு என்று எதற்கும் போவதையும் நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பேனர வேற பக்கம் போடுவமாடா?" என்று மொக்கைச்சாமி மெதுவாகக் கேட்டான்.

"இருக்கட்டும். அதுதான் வாசலுக்கு அளவா இருக்கு" என்றான் அழகுபாண்டி.

வீடியோவில் தாடிக்காரன் தன் குடிலின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னல் வைத்திருந்தான். காற்றுக்குத் திறந்து மூடுகிற மாதிரி. மொக்கைச்சாமி அதையும் வைக்க வேண்டும் என்றான். அழகுபாண்டி கேட்டால்தானே! "சூட்டப் புடிச்சு வைக்கத்தான் இம்புட்டுப் பாடு. அதுல ஓட்டையப் போட்டு வெளிய விடச் சொல்றியா? போடா" என்றான். தாளின் அடி விளிம்பைச் சுற்றிலும் மண்ணை அணைத்து மிதித்து விட்டான். எறும்பு நுழைய வழியில்லை. செடிகளின் கிளைகளை நறுக்கிக் கவாத்து செய்து, எரு வைத்து, தண்ணீர் கட்டி, மார்கழிக்குக் காத்திருந்தான்.

மார்கழி வந்தது. பகலில் குடிலுக்குள் சூடு இருந்தது. ஆனால் விடிகிற நேரத்தில் போய்ப் பார்த்தால் உள்ளேயும் குளிர்தான், தாளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பகல் சூட்டைப் பிடித்துவைக்கத் தாடிக்காரன் தண்ணீர் நிரப்பிய கறுப்பு டிரம்களை உள்ளே வைத்திருந்தான். இவனும் வைத்தான். போதவில்லை. செடி துளிர்க்கிற மாதிரி தெரியவில்லை. அழகுபாண்டி நகத்தைக் கடித்துக்கொண்டு திரிந்தான்.

வழி அவன் வீட்டு மாட்டுக் கொட்டகையிலேயே இருந்தது. தினமும் பொழுது சாயும்போது மலையம்மாள் ஓட்டைச் சட்டியில் கொஞ்சம் உமியும் நெருப்பும் போட்டு மாட்டுக்கு மூட்டம் போடுவாள். கொசு அண்டாது, மாட்டுக்குக் கதகதப்பாகவும் இருக்கும். காலம் காலமாகப் போடுகிற மூட்டம்தான், அதனால் ஒரு மாட்டுக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. மாட்டுக்குப் போடுகிறதைச் செடிக்குப் போட்டால் என்ன? அன்றைக்கே ஒரு இரும்புச் சட்டியில் உமி மூட்டம் போட்டுக் குடிலுக்குள் வைத்தான்.

மறுநாள் காலையில் வாசல் தாளைத் தூக்கினால் உள்ளே புகை மண்டிக் கிடந்தது. உள்ளே நுழைந்த முனீஸ்வரி இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். மலையம்மாள் மகனைக் கரித்துக் கொட்டினாள்.

"கொட்டகைன்னா நாலு பக்கமும் காத்து அடிக்கும்டா. இதுக்குள்ள பொகையப் போட்டா அந்தப் புள்ள மூச்சு முட்டிச் சாகவா?"

"பொகதான தாயி ஒனக்குக் கண்ண உறுத்துது? பொகையே இல்லாமப் பண்றேன், பாரு" என்றான் அழகுபாண்டி.

சொன்னபடி செய்தான். சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுத்த கரி நம்ம பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கரி நன்றாகக் கனன்றுவிட்டால் புகை வராது, கண் எரியாது, வாசனைகூடக் கிடையாது. சாயங்காலம் ஒரு சட்டி நிறையக் கனலை உள்ளே வைத்துவிட்டு வந்தால் விடிகிற வரைக்கும் சூடு நின்றது. புகை போனதும் மலையம்மாளும் வாயை மூடிக்கொண்டாள். அழகுபாண்டிக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமை தாங்கவில்லை.

அவன் சாயங்காலம் சட்டியை வைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிடுவான். காலையில் உள்ளே போய் வேலை பார்க்கிறவள் முனீஸ்வரி. பழுத்த இலை பறிப்பாள், புழு பொறுக்குவாள், டிரம்மிலிருந்து மொண்டு தண்ணீர் ஊற்றுவாள். வெளியே பனி நடுக்கும், உள்ளே இதமாக இருக்கும். அவளுக்கும் அந்த இடம் பிடித்துப்போனது. வாசலை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் பிளெக்ஸின் பின்பக்கமாக வெளிச்சம் விழுந்து, அந்தக் குழந்தை தன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும் என்று ஒருநாள் புருஷனிடம் சொன்னாள். கரு கலைந்த பிறகு அவள் ஒரு குழந்தையைப் பற்றித் தானாக வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

மார்கழி நடுவில் ஒருநாள் காலை அவள் குடிலிலிருந்து வெளியே வந்து முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தலை சுற்றுகிறது என்றாள். மலையம்மாள் ஓடிவந்து முதுகைத் தடவினாள். மறுநாளும் அதே நேரம், அதே வாந்தி. வெயில் ஏற ஏறச் சரியாகிவிட்டது. மலையம்மாள் மருமகளை அடுப்படிக்குள் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, "நாள் தள்ளிப் போயிருக்காத்தா?" என்று கேட்டாள்.

முனீஸ்வரிக்கு எப்போதுமே நாள் கணக்கு ஒழுங்காக வராது. ஆனாலும் தள்ளித்தான் போயிருந்தது. தலையை ஆட்டினாள். மலையம்மாள் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழகுபாண்டியிடம் விஷயத்தைச் சொன்னதும், "வா, இப்பவே உசிலம்பட்டி போயி டாக்டர்கிட்டக் காட்டிருவோம்" என்று சட்டையைத் தேடினான்.

"இருடா" என்றாள் மலையம்மாள். "போன தடவ அவசரப்பட்டு ஊரெல்லாம் தமுக்கடிச்சு என்ன ஆச்சு? மார்கழியில எதையும் தொடங்கக் கூடாது. பீடை கழியட்டும். தை பொறந்ததும் பொங்கல வச்சிட்டு, நாலாம் நாளு போவோம். அதுவரைக்கும் ஒருத்தர் காதுலயும் விழக்கூடாது. கண்ணு பட்டுரும்."

முனீஸ்வரியும் அதையே சொன்னாள். அவளுக்குப் பயம். டாக்டர் வாயால் ஏதாவது வேறு மாதிரி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வாந்தி வருகிறவரைக்கும் குழந்தை இருக்கிறது என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

அதனால்தான் நடுவில் இரண்டு நாள் அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கருமாத்தூரில் அவள் அம்மாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது என்று பார்க்கப் போனாள். அங்கே போன மறுநாள் காலை வாந்தி இல்லை, தலைசுற்று இல்லை. நன்றாகப் பசித்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து எழுமலைக்கு வந்துவிட்டாள்.

"ஒண்ணுமே இல்ல மாமா. குமட்டவே இல்ல. போச்சோன்னு பயமா இருக்கு" என்று அழகுபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை குடிலுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். குடல் வெளியே வந்துவிடுகிற மாதிரி எடுத்தாள். எடுத்து முடித்து, மண்ணில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தாள். "இருக்கு மாமா. இருக்கு" என்றாள். மலையம்மாள் வாசல் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்று பேரும் அன்று காலை சாப்பிட்ட இட்லிக்கு இருந்த ருசி எந்தப் பண்டிகைக்கும் இருந்ததில்லை. பாவிகளா, ஒரு தடவை அந்தக் குடிலைத் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா!

பார்க்காமல் இல்லை. ஆளுக்கொரு காரணம் கையில் வைத்திருந்தார்கள். மொக்கைச்சாமி ஒருநாள் காலை தாளில் கிழிசல் ஒட்ட வந்து, உள்ளே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "மண்டையப் பொளக்குது மாப்ள" என்றான். முந்தின நாள் அவன் குடித்திருந்தான், அதனால் பழி அதன் மேல் போனது. அழகுபாண்டிக்கும் ஒன்றிரண்டு தடவை நெற்றிப்பொட்டு தெறித்தது. பனி மண்டையில் இறங்கிவிட்டது என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டான். வீட்டு நாய் மணி, முனீஸ்வரி எங்கே போனாலும் பின்னாலேயே போகும். குடில் வாசல் வரைக்கும் போய் அங்கேயே நின்றுகொள்ளும். உள்ளே கூப்பிட்டால் வாலை இடுக்கிக்கொண்டு முனகும். பேனரில் இருக்கிற ஆளைப் பார்த்துப் பயப்படுகிறது என்று சிரித்தார்கள்.

கடைசியாக அந்தக் கோழி. அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கொல்லையெல்லாம் மேய்ந்த சிவப்புக் கோழி. முனீஸ்வரிக்கு அதன் மேல் தனிப் பிரியம். உண்டானது தெரிந்த பிறகு தினமும் கம்பு அள்ளிப் போடுவாள். ஒருநாள் காலை அழகுபாண்டி முதலில் எழுந்து குடில் தாளைத் தூக்கியபோது, கரிச் சட்டிக்குப் பக்கத்தில் கோழி இறக்கையை விரித்துப் படுத்திருந்தது. சாயங்காலம் அவன் சட்டியை உள்ளே வைக்கும்போது சூட்டுக்காக அவன் பின்னாலேயே நுழைந்திருக்க வேண்டும். இறக்கைக்கு அடியில் குஞ்சுகள். ஒன்றிலும் அசைவில்லை. காயமில்லை, ரத்தமில்லை, இறகு பிய்ந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் அவனுக்குக் கோழி எப்படிச் செத்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி இதைப் பார்க்கக் கூடாது, தாயும் குஞ்சுமாகச் செத்துக் கிடப்பது அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான் தோன்றியது. அவசர அவசரமாக எல்லாவற்றையும் கூடையில் அள்ளிப்போட்டு, எருக்குழிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தான். கை கழுவிக்கொண்டு வந்தபோது முனீஸ்வரி கம்புக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கோழியக் காணாமே மாமா?"

"கீரி புடிச்சிட்டுப் போயிருச்சு போல. எறகு கெடந்துச்சு, பாத்தேன்" என்றான்.

"குஞ்சுகளையுமா?"

"எல்லாத்தையும்தான்."

அவள் கிண்ணத்திலிருந்த கம்பை மறுபடி பானையிலேயே கொண்டுபோய்க் கொட்டினாள். அம்மாவிடம்கூட அவன் உண்மையைச் சொல்லவில்லை. கோழிக்கு வருகிற வெள்ளைக் கழிச்சல் நோய் வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டான்.

இந்தச் சமயத்தில்தான் செடி மொட்டு வைத்தது. ஊரில் ஒருத்தன் தோட்டத்திலும் பேருக்குக்கூட ஒரு மொட்டு இல்லாத நாளில், இவன் குடிலுக்குள் கொப்புக்குக் கொப்பு வெள்ளை தெரிந்தது. மொக்கைச்சாமி வந்து பார்த்துவிட்டு, "ஆத்தாடி!" என்று வாயைப் பிளந்தான். அழகுபாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை, கொல்லையில் பூ. ஒரே மார்கழியில் இரண்டும் என்றால் அவன் என்னதான் செய்வான்?

அவனுக்கு இப்போது பூவைவிட அவளைப் பற்றித்தான் கவலை. அவள் பனியில் நிற்கக் கூடாது, குளிர் ஏறக் கூடாது. தாளில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் தேடித் தேடி டேப் ஒட்டினான். வாசல் பேனரின் ஓரத்தில் கம்பு கட்டி, உள்ளே போனதும் இழுத்துச் செருகிக்கொள்கிற மாதிரி செய்தான். காலையில் அவள் உள்ளே போவதற்கு முன்னால் சட்டியில் புதுக் கரி போட்டு வைத்தான். "வெளிய நிக்காத முனீசு. வீட்டுக்குள்ளகூடக் குளிருது. உள்ளயே உக்காந்து மெதுவாப் பறி" என்றான். இத்தனை வருஷத்தில் புருஷன் தன்னை இப்படித் தாங்கியதில்லை என்று முனீஸ்வரி மாமியாரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

மார்கழியின் கடைசி நாள், போகி. அன்றைக்கு விழுந்த பனி அந்த வருஷத்திலேயே பெரிய பனி. எதிர்வீடு தெரியவில்லை. தெருவில் எங்கெங்கோ பழைய பாயும் துடைப்பமும் எரிகிற வாடை மட்டும் வந்தது. தை முதல் முகூர்த்தத்துக்குப் பூ கேட்டு மாட்டுத்தாவணி வியாபாரி முந்தின நாளே போன் பண்ணியிருந்தார். அழகுபாண்டி அன்று ஒரு சட்டிக்கு இரண்டு சட்டியாகக் கனல் எடுத்துக் குடிலுக்குள் வைத்தான்.

"இன்னிக்குத் தல பாரமா இருக்கு மாமா" என்றாள் முனீஸ்வரி.

"பனிதான். உள்ள போயிட்டாச் சரியாப் போகும். கதவ நல்லாச் செருகிக்க" என்றான்.

அவள் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பேனர் விழுந்தது. சந்தனம் பூசிய குழந்தை பனிக்குள் நின்று சிரித்தது.

போகியன்று வீட்டுக்கும் கொட்டகைக்கும் காப்புக் கட்ட வேண்டும். வேப்பிலை, ஆவாரம்பூ, கூரைப்பூ எல்லாம் சேர்த்துக் கட்டிய சின்னச் சின்னக் கட்டுகளைக் கூரை இறவாரத்தில் செருகுவது வழக்கம். கெட்டது எதுவும் அண்டாமல் இருக்கத்தான். அழகுபாண்டி ஏணி போட்டு ஏறி வாசலில் செருகினான், பக்கவாட்டில் செருகினான், மாட்டுக் கொட்டகையில் செருகினான். மலையம்மாள் கீழே நின்று கட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். கொல்லைப் பக்கம் மணி குரைத்துக்கொண்டே இருந்தது.

"என்னடா அது, விடாமக் கொலைக்குது?" என்றாள்.

"தெருவுல நெருப்புல்ல எரியுது, அதுக்குத்தான்" என்றான். "ஏய் மணி! சும்மா கெட!" என்று ஏணியிலிருந்தே அதட்டினான். நாய் கொஞ்சம் அடங்கி மறுபடி குரைத்தது, அப்புறம் ஊளையிட்டது. அவன் கூரை மேல் கிடந்த ஓட்டுத் துண்டை எடுத்துச் சத்தம் வந்த பக்கம் வீசினான்.

ஒரு கட்டு மிச்சம் இருந்தது. குடிலுக்கும் கட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனான். நாய் வாசல் மண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்தது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, குழாயில் காப்புக் கட்டை நிதானமாக நூல் சுற்றிக் கட்டினான். "முனீசு, எம்புட்டுத் தேறும்? ரெண்டு கூடை வருமா?" என்று கேட்டான். பதில் இல்லை. முடிச்சுப் போட்டான். "முனீசு!" என்றான். பேனரை இழுத்தான், உள்பக்கம் நன்றாகச் செருகியிருந்தது. அவன் சொன்னபடியே செருகியிருந்தாள். பலம் கொண்ட மட்டும் பிய்த்துக்கொண்டு உள்ளே போனான்.

டிரம்மில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் கூடை கவிழ்ந்து மொட்டுகள் சிதறியிருந்தன. முகம் நல்ல சிவப்பாக இருந்தது. கல்யாணத்தன்று இருந்த மாதிரி அம்புட்டு அழகாக இருக்கிறாளே, அசந்து தூங்குகிறாள் என்றுதான் ஒரு கணம் நினைத்தான். தோளைத் தொட்டதும் அவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். அழகுபாண்டி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

அவளைத் தூக்கி வெளியே கொண்டுவருவதற்குள் அவனுக்கே கால் பின்னியது. அவளுக்கு மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மொக்கைச்சாமி எங்கிருந்தோ ஒரு காரைப் பிடித்துக்கொண்டு வந்தான். உசிலம்பட்டியில் பார்த்துவிட்டு, மூக்கில் ஆக்சிஜனை மாட்டி மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழி நெடுக அழகுபாண்டி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். "வயித்துப்புள்ளக்காரிங்க. வயித்துப்புள்ளக்காரிங்க. பாத்துச் செய்யுங்க."

மறுநாள் தைப்பொங்கல். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனை ஒரு டாக்டரம்மா கூப்பிட்டார். உயிருக்குப் பயமில்லை என்றார். அவன் காலில் விழப் போனான். அவர் தடுத்துவிட்டு, வீட்டில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்டார். அவன் எல்லாவற்றையும் சொன்னான், கோழியைத் தவிர.

"கரி எரிஞ்சா ஒரு வாயு வரும்" என்றார். "அதுக்கு நெறம் இல்ல, வாசன இல்ல, புகையும் இல்ல. திறந்த இடத்துல காத்தோட போயிடும். நீங்க காத்தே போகாமக் கட்டி வச்சு அதுக்குள்ள அவங்கள உக்கார வச்சிருக்கீங்க. நேத்து இன்னும் கொஞ்சம் லேட் ஆயிருந்தா நீங்க பொணத்தைத்தான் தூக்கிருப்பீங்க."

"புள்ள..." என்றான் அழகுபாண்டி.

டாக்டரம்மா கையிலிருந்த ரிப்போர்ட்டைப் புரட்டினார். "அவங்க கர்ப்பமா இல்லீங்க. ரத்தத்துலயும் பாத்தோம், ஸ்கேன்லயும் பாத்தோம். தலைவலி, தலைசுத்து, வாந்தி எல்லாமே அந்த வாயு பண்ற வேலை. காலையில உள்ள போறப்ப வரும், வெளிய வந்து வெயில் ஏறினா சரியாயிடும். அப்படித்தான இருந்துச்சு?"

அப்படித்தான் இருந்தது. கருமாத்தூரில் நின்றுபோனது, எழுமலையில் திரும்ப வந்தது, அவள் மண்ணில் உட்கார்ந்து சிரித்தது, எல்லாம் அவன் கண் முன்னால் வந்து நின்றது.

மத்தியானம் மலையம்மாள் தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். கூடவே வாழையிலையில் ஒரு பந்து பூ. தாள் பிய்ந்து கிடந்த குடிலுக்குள் பறிக்க ஆளில்லாமல் மொட்டெல்லாம் செடியிலேயே மலர்ந்துவிட்டதாம். "கை நெறையப் பூத்துக் கெடக்குடா. அவ தலையில வைக்கணும்னு கட்டிக்கிட்டு வந்தேன்" என்றாள். மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, "வயித்துல இருக்கிறது நல்லா இருக்குல்ல?" என்று கேட்டாள். அவன் பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

முனீஸ்வரி கண் விழித்திருந்தாள். மூக்கில் குழாய் இருந்தது. மல்லிகை வாசனை அந்த வார்டு முழுக்க நிறைந்தது. பக்கத்துக் கட்டில்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா" என்றாள். குரல் கம்மியிருந்தது. வலது கை போர்வைக்கு அடியில் வயிற்றின் மேல் இருந்தது. "கதவ நல்லாச் செருகித்தான் வச்சிருந்தேன். பனி உள்ள வரவே இல்ல. புள்ளைக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

அழகுபாண்டி பக்கத்தில் உட்கார்ந்தான். நல்லா இருக்கு என்று இப்போதைக்குச் சொல்லிவிடலாம், உடம்பு தேறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கோழி விஷயத்திலும் அப்படித்தான் பொய் வாய் வரைக்கும் வந்தது, சொன்னான். இந்தத் தடவை அவனால் முடியவில்லை.

"புள்ள இல்ல முனீசு" என்றான். "உண்டாகவே இல்லையாம். நான் வச்ச கரிதான் உன்ன அந்தப் பாடு படுத்தியிருக்கு. கரியோட விஷம். அதுதான் வாந்தி, அதுதான் தலைசுத்து."

அவள் அழவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மலையம்மாள் யாரிடமோ பொங்கல் எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. முனீஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்தக் கோழிய கீரி புடிக்கலையா?"

அழகுபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல."

"உள்ளதான் கெடந்துச்சா?"

"ஆமா."

"குஞ்சுகளும்?"

அவன் தலையை ஆட்டினான். மடியில் இருந்த பூப்பந்தை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அதப் பாத்த பெறகுமா மாமா, என்னைய உள்ள போகச் சொன்னீங்க?" என்றாள் முனீஸ்வரி. பிறகு வயிற்றின் மேலிருந்த கையை எடுத்துப் போர்வைக்கு வெளியே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.